கேளுங்கள் மாஸ்டர்: மெடல் இல்லாதவன் பீ.டி. மாஸ்டர் ஆகலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியைப் பற்றித்தான். கல்வியியற் கல்லூரி, கெம்பஸ், கோச்சிங் டிப்ளோமா என்று ஆளுக்கொரு பக்கமாக இழுத்திருக்கிறீர்கள். அதனால் முழங்கால் வலிக்காரர்களும் கிரிக்கெட் சண்டைக்காரர்களும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு விளையாட்டு என்றால் உயிர் மாஸ்டர். ஆனால் வலய மட்டத்தைத் தாண்டிப் போனதே இல்லை, 1500 மீற்றரில் நாலாவது, ஐந்தாவதுதான் வருவேன். உடற்கல்விப் பாடத்துக்குக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் சிரிப்பார்களா?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

யாரும் சிரிக்க மாட்டார்கள் தம்பி. போடு விண்ணப்பத்தை.

முதலில் நடைமுறை. கல்வியியற் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் வர்த்தமானியில் வரும், ஏ.எல். பெறுபேற்றை வைத்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், உடற்கல்விக்கு விளையாட்டுச் சான்றிதழ்களையும் பார்ப்பார்கள். அதனால் கோட்ட மட்டத்தில் வாங்கிய மூன்றாமிடச் சான்றிதழ், இல்லத் தலைவராக இருந்த கடிதம், சாரணர் சின்னம், எதையும் விடாமல் ஒரு ஃபைலில் போட்டு வை. நம் பிள்ளைகள் பலர் சான்றிதழைத் தகரப் பெட்டியில் போட்டு, மழைக்குத் தோட்டத்து லய வீட்டுக் கூரை ஒழுகி நாசமாக்கிவிட்டு, நேர்முகத்துக்கு வெறுங்கையோடு போய் நிற்கிறார்கள். எந்தக் கல்லூரியில் அந்த வருடம் தமிழ்மொழியில் உடற்கல்வி இருக்கிறது, வயது எல்லை என்ன என்பதெல்லாம் வர்த்தமானியிலேயே இருக்கும். பக்கத்து லயத்து அண்ணன் போன வருடம் சொன்ன கதையை நம்பி உட்கார்ந்திராதே.

கல்லூரிக் காலம் மூன்று வருடம். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த கல்லூரிகள் இவை. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி, முடிவில் கற்பித்தல் டிப்ளோமா. நமக்குக் கிட்ட இருப்பது கொட்டகலைப் பக்கம் பத்தனை ஸ்ரீபாத கல்லூரி.

இனி நீ உண்மையில் கேட்ட கேள்வி. மெடல்காரன்தான் நல்ல வாத்தியார் என்று யாரோ உன் தலையில் ஏற்றிவிட்டார்கள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்று வை. அதில் பத்துப் பேர் நீ இல்லாவிட்டாலும் ஓடுவார்கள், பந்தைக் கொடுத்துவிட்டு நீ டீ குடிக்கப் போகலாம். மிச்சம் முப்பது பேர் மரத்தடியில் ஒதுங்குகிறவர்கள், 'வயிறு வலிக்குது சேர்' என்கிறவர்கள், சப்பாத்து இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு 'விருப்பமில்லை' என்று சொல்கிறவர்கள். உனக்குச் சம்பளம் அந்த முப்பது பேருக்காகத்தான். நாலாவது ஐந்தாவது வந்தவனுக்கு அவர்களைப் பார்த்தால் புரியும். முதலாவது மட்டுமே வந்தவனுக்குச் சில நேரம் புரியவே புரியாது, 'இதுகூட முடியாதா?' என்று கேட்டுவிட்டுப் போவான்.

ஒன்று பார். நீளம் பாயப் பயப்படுகிற ஏழாம் ஆண்டுப் பிள்ளை. மணல் குழியைப் பார்த்தாலே கால் தானாக நின்றுவிடும். அவளை இருபது மீற்றர் தூரத்திலிருந்து ஓடி வரச் சொன்னால் பலகைக்கு முன்னால் வந்து நின்று அழுவாள், மற்றப் பிள்ளைகள் சிரிக்கும், அதோடு அவள் பாய்ச்சல் அந்த ஜென்மத்துக்கு முடிந்தது. பயிற்சி பெற்றவன் குழிப் பக்கமே போகமாட்டான். புல்லில் இரண்டு கயிற்றை அருகருகே போடுவான், நின்ற இடத்திலிருந்து இரண்டு காலாலும் தாண்டு என்பான். பிறகு கயிற்றைக் கொஞ்சம் அகட்டுவான். பிறகு மூன்று எட்டு வைத்து ஒற்றைக் காலால். எந்தக் காலை ஊன்றுகிறாள் என்று பார்த்து வைத்துக்கொள்வான், அவளிடம் சொல்லமாட்டான். இரண்டாவது கிழமை அதே கயிறுகள் மணல் குழிக்குள் கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பாடக்குறிப்பு எழுதச் சொல்லி உயிரை வாங்குகிறார்கள் என்று பயிலுநர்கள் புலம்புவார்கள் பாருங்கள், அந்தக் குறிப்பில் எழுதவேண்டியது இந்த மாதிரிப் படிகளைத்தான்.

கண் என்று ஒன்று இருக்கிறது. முரளிதரன் கண்டி அந்தோனியார் கல்லூரியில் சின்னப் பையனாக மிதவேகப் பந்துதான் போட்டார். பதினான்கு வயதில் அவருடைய பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோதான் ஓஃப் ஸ்பின் போட்டுப் பார்க்கச் சொன்னவர். 800 டெஸ்ட் விக்கெட்டுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஒருவர் நின்று ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். கல்லூரியில் படிக்க வேண்டியது அந்தப் பார்வையைத்தான்.

பீ.டி. டீச்சர் வேலை பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவராது, ட்ராக் சூட்டோடு வெயிலில் நின்றால் யார் கட்டிக்கொடுப்பது என்று அம்மா சொல்கிறார். என்ன சொல்லட்டும்?
– ஒரு வாசகி, தலவாக்கலை

அம்மா இத்தனை வருடமாக மழையிலும் வெயிலிலும் மலையில் நின்று கொழுந்து பறித்திருப்பார் என்று நினைக்கிறேன். மைதான வெயில் அதைவிடவா மோசம் என்று மெதுவாகக் கேட்டுப் பார் மகள். கோபத்தோடு கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கப் பாடசாலைகளில் பெண் உடற்கல்வி ஆசிரியர்கள் குறைவு. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை மாதவிடாய் நாளில் ஓடலாமா கூடாதா என்று ஆண் மாஸ்டரிடம் வாய் திறந்து கேட்பாளா? கேட்கமாட்டாள், அன்றைக்கு லீவு போட்டுவிடுவாள், அப்படியே விளையாட்டையும் விட்டுவிடுவாள். (ஓடலாம், உடம்புக்கு முடிந்தால். வலி கூடினால் உட்காரலாம். இதைப் பிள்ளைகளுக்கு ஒருவர் சொல்லவேண்டும்.) வலைப்பந்தாட்டம் பழக்குவதற்கும் ஆள் தேடி அலைகிறார்கள். அம்மாவிடம் இன்னொன்றும் சொல்: இது அரசாங்க ஆசிரியர் நியமனம், சுகாதாரமும் உடற்கல்வியும் 6ஆம் ஆண்டிலிருந்து 9ஆம் ஆண்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள பாடம், ஓ.எல்.லுக்கும் எடுக்கலாம், பாதி நேரம் வகுப்பறைக்குள்தான் நிற்கப்போகிறாய். அந்தக் கடைசிச் செய்திக்கு அம்மா இறங்கி வருவார்.

மகன் ஏ.எல். எழுதிவிட்டு இருக்கிறான். உடற்கல்வி ஆசிரியரா, கோச்சா என்று குழம்புகிறான். இரண்டும் ஒன்றுதானே? கெம்பஸில் இதற்குப் படிப்பு உண்டா?
– ஒரு தகப்பன், பண்டாரவளை

ஒன்றல்ல ஐயா. ஆசிரியருக்கு எல்லாப் பிள்ளைகளும் வேண்டும், பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு. கோச்சுக்கு ஒரு விளையாட்டு, அதை விரும்பி வருகிற சிலர், அவர்களை இன்னொரு படி மேலே ஏற்றுவது. நல்ல ஆசிரியர் நல்ல கோச்சாக இருக்கலாம், ஆனால் டிப்ளோமா கையில் வந்ததும் இரண்டும் தானாக வந்துவிட்டது என்று நினைக்கிறவர்களால்தான் தொல்லை.

கெம்பஸ் உங்களுக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. ஹப்புத்தளை தாண்டிக் கீழே இறங்கினால் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம், அங்கே விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும் பட்டப்படிப்பாகவே உண்டு. இசட் புள்ளி மட்டும் போதாது, தனியாகத் திறன் பரீட்சை வைப்பார்கள், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டைச் சரியாகப் படிக்காமல் அந்தத் திகதியைத் தவறவிடுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். படிப்பு ஆங்கிலத்தில். உடற்றொழிலியல், உயிர்ப்பொறிமுறை எல்லாம் ஆங்கிலத்தில் வரும்போது முதல் வருடம் திணறுவான், விட்டுவிட்டு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோச் ஆவதுதான் ஆசை என்றால் கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் டிப்ளோமா நடத்துகிறது. அதோடு ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதனதன் சங்கம் தருகிற படிமுறைச் சான்றிதழ்கள் உண்டு. உதைபந்தாட்டம் என்றால் ஆசியக் கூட்டமைப்பின் டி, சி, பி, ஏ என்று மேலே போகும். மெய்வல்லுநருக்கும் கரப்பந்துக்கும் உலகச் சங்கங்களின் லெவல் 1இலிருந்து தொடங்கலாம். ஆசிரியராக இருந்துகொண்டே இவற்றை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும்.

இந்தியாவுக்கு அனுப்பலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். சென்னை நந்தனத்து வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கியது, மிகப் பழைய கல்லூரி. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் உண்டு. இந்திய அரசின் புலமைப்பரிசிலுக்கும் முயலலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டத்தை இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்சிக்காரர் வாயால் சொல்வதைப் பதிலாக எடுக்காதீர்கள்.

எங்கள் பாடசாலையில் பீ.டி. பாடவேளையைக் கணித டீச்சர் எடுத்துக்கொள்கிறார். அதிபரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் உள்ளகப் பயிற்சிக்கு வந்தவன், வாய் திறக்க முடியுமா?
– பயிலுநர் ஆசிரியர், இராகலை

சண்டை பிடிக்கப் போனால் தோற்பீர்கள், ஓ.எல். பெறுபேறு அவர் பக்கம் இருக்கிறது. நான் பார்த்தவரையில் பாடவேளை பறிபோவதற்குப் பாதிக் காரணம் நாம்தான், பந்தைக் கொடுத்துவிட்டு நிழலில் நிற்கிற பாடவேளையை யாரும் மதிக்கமாட்டார்கள். பாடக்குறிப்பை எழுதி அதிபரின் மேசையில் கொண்டுபோய் வையுங்கள். பிள்ளைகளின் உயரம், நிறை, 600 மீற்றர் ஓடும் நேரம் ஆகியவற்றைத் தவணைக்கொரு முறை ஒரு கொப்பியில் பதியுங்கள். பெற்றார் கூட்டத்தில் அந்தக் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். அப்புறம் பாருங்கள், 'மாஸ்டர், என் மகள் ஏன் மெலிந்திருக்கிறாள்?' என்று கேட்கிற தாயே உங்கள் பாடவேளையைக் காப்பாற்றிக் கொடுப்பார்.

கணித டீச்சரையும் பகைக்க வேண்டாம். அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு அவரை மைதானத்துக்குக் கூப்பிடுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் தடம் கீறும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். மைதானம் மலையைச் சீவி எடுத்தது, 400 மீற்றருக்கு இடமே இல்லை. 200 மீற்றர்த் தடத்தில் வளைவுத் தொடக்கத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது?
– பயிலுநர் ஆசிரியை, ஹட்டன்

எல்லாருக்கும் உங்கள் ஹட்டன் டன்பார் மைதானம் மாதிரி கிடைக்காதே மகள். 88க்கு 48 மீற்றர் சமதரை இருந்தால் நாலு தடத்தோடு 200 மீற்றர் கீறிவிடலாம், ஓடி நிற்கக் கொஞ்சம் இடம் மிஞ்சினால் நல்லது.

மைதான நடுவில் நேராக 40 மீற்றர் அளந்து இரண்டு முனையிலும் ஆப்பு அடியுங்கள். ஒவ்வோர் ஆப்பிலிருந்தும் 18.90 மீற்றர்க் கயிற்றால் வெளிப்பக்கமாக அரைவட்டம் போடுங்கள், அரைவட்டங்களின் முனைகளை நேர்கோட்டால் சேருங்கள், உள்கோடு வந்துவிட்டது. ஆப்பிலிருந்து அரைவட்ட முனைக்குப் போகிற கோடு நடுவில் அளந்த 40 மீற்றர்க் கோட்டுக்குச் செங்கோணமாக வரவேண்டும், அதற்குக் கயிற்றில் 3, 4, 5 மீற்றர் முக்கோணம் பிடித்தால் போதும். ஓடுகிற பிள்ளை கோட்டின்மேல் ஓடாது, 20 சென்றிமீற்றர் தள்ளித்தான் ஓடும் என்று எடுத்துக்கொண்டு அளப்பது விதி (விளிம்புக் கல் பதித்த தடத்துக்கு 30, சுண்ணாம்புக் கோட்டுக்கு 20). அப்போது ஆரை 19.10, இரண்டு அரைவட்டமும் சேர்ந்து 120, இரண்டு நேர்ப்பக்கமும் 80, மொத்தம் 200.

வளைவுத் தொடக்கம்தான் (வெளித்தடம் நீளம் கூட என்பதால் அந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்துவது) எல்லாரும் பயப்படுகிற இடம். ஒரு முழுச் சுற்றுக்கு, தடம் 1.22 மீற்றர் அகலம் என்றால், இரண்டாம் தடம் 7.67 மீற்றர் முன்னால், மூன்றாம் தடம் 15.33, நாலாம் தடம் 23.00. அகலத்தை 2 பையால் (2π) பெருக்கினால் வருகிற எண்தான் இது. மைதானம் சின்னதா பெரியதா, ஆரை எவ்வளவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இடமில்லாமல் தடத்தை 1 மீற்றராகக் குறைத்தால் ஒவ்வொரு தடத்துக்கும் 6.28 கூட்டிக்கொண்டே போகலாம். கணித டீச்சரைக் கூப்பிடச் சொன்னது இதற்குத்தான், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்து அவரே ஒரு பாடம் நடத்திவிடுவார். அளக்கும்போது அந்தந்தத் தடத்தின் ஓட்டக் கோட்டிலேயே, அதாவது உள்கோட்டிலிருந்து 20 சென்றிமீற்றர் தள்ளி, நாடாவை வளைத்துப் பிடிக்கவேண்டும். குறுக்கே இழுத்துப் பிடித்தால் வெளித்தடப் பிள்ளைக்கு லாபம், அவள் இல்லத்தார் மட்டும் வாயே திறக்கமாட்டார்கள். துணி நாடா ஈரத்தில் இழுபடும், இரும்பு நாடா தேடுங்கள். முதல் நாள் மாலை கீறிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நம்மூர் மழைக்குக் காலையில் பால் தெளித்த மாதிரிதான் கிடக்கும், ஆப்புகளை மட்டும் விட்டு வைத்து, கோட்டை விடியற்காலையில் போடுங்கள்.

நாங்கள் உயரத்தில் பிறந்தவர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு நெடுந்தூர ஓட்டம் இரத்தத்திலேயே இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?
– நுவரெலியாவிலிருந்து ஒருவர்

கொஞ்சம் உண்மை, மிச்சம் பெருமைப் பேச்சு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்திலொன்று குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் வருகிற ஒட்சிசனும் குறைவு, உடம்பு அதைச் சமாளிக்கச் சிவப்பணுக்களைக் கூட்டும். உயரப் பயிற்சிக்கு வழக்கமாகச் சொல்வது 2000 மீற்றருக்கு மேல், ஆகவே நுவரெலியா விளிம்பில் நிற்கிறது, ஹட்டன், தலவாக்கலை எல்லாம் அதற்கும் கீழே. குமார் சண்முகேஸ்வரன் மாதிரி மலையகத்துப் பிள்ளை நெடுந்தூர ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் பேர் எடுத்தால் அது மலை கொடுத்தது என்று சொல்லிவிடுவது அவர் ஓடிய ஓட்டத்துக்குச் செய்கிற அநியாயம்.

அதுவும் சிவப்பணு கூட வேண்டுமென்றால் இரும்புச்சத்து வேண்டும், நம் பிள்ளைகளுக்கு இடிக்கிற இடம் அதுதான். சோறு சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை பிளேன் டீ குடிப்பது இங்கே வழக்கம். தேயிலையில் இருக்கிற துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். டீயை விடச் சொல்லவில்லை, நாம் பறிக்கிற தேயிலையை நாமே குடிக்காமல் யார் குடிப்பது? சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், சோற்றோடு தேசிக்காய் பிழிந்த சம்பலோ நெல்லிக்காயோ வையுங்கள், முடிந்தபோது நெத்தலி. எப்போதும் களைத்துப்போய், படியேறினாலே மூச்சு வாங்குகிற ஓட்டக்காரப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு சுற்று கொடுக்காமல், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மாகாணம் தாண்டி கீழ்நாட்டு மைதானத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஓட்டத்தில் சுருண்டு விழுகிறார்கள். பயமா?
– உடற்கல்வி ஆசிரியர், பசறை

பயம் என்று சொல்லிப் பிள்ளையை நோகடிக்காதீர்கள், அது வெயில். குளிரில் வளர்ந்த உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும், நாம் இரவு பஸ்ஸில் ஏற்றிக் காலையில் இறக்கி நேரே ஓடவிடுகிறோம். முடிந்தால் இரண்டு நாள் முந்திப் போங்கள். உடம்பு சூடேற்றும் பயிற்சியைக் குறைத்து நிழலில் வையுங்கள், முறை வரும் வரை மைதான நடுவில் உட்காரவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளை தள்ளாடினால், பேர் கேட்டால் வேறெதையோ சொன்னால், அது களைப்பல்ல, வெப்பத் தாக்கம். உடனே நிழல், சப்பாத்தையும் மேல்சட்டையையும் தளர்த்தி உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர், விசிறல், ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும். மயங்கிய வாய்க்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது. 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அது வரும்வரை குளிர்த்திக்கொண்டே இருங்கள், வண்டி தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

இடி விஷயத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் பயிற்சி வைக்கிறவர்கள், முழக்கம் கேட்டதும் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் ஏற்றிவிட வேண்டும், கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே விடக்கூடாது. மரத்தடி ஒதுங்குமிடமல்ல.

பிந்தி வருகிற பிள்ளைக்கு 'பத்து ரவுண்ட் ஓடு' என்று தண்டனை கொடுக்கலாமா? எங்கள் காலத்தில் அப்படித்தான் வளர்ந்தோம்.
– ஒரு பழைய மாணவர், மாத்தளை

வளர்ந்தீர்கள் சரி, இப்போது ஓடுகிறீர்களா? பள்ளிக்கூடம் விட்டதோடு நிறுத்தியிருப்பீர்கள், ஓட்டம் என்றால் தண்டனை என்று பழக்கிவிட்டார்களே. கணித டீச்சர் பிந்தி வந்தவனுக்குப் பத்துக் கணக்குக் கொடுத்தால் அவனுக்குக் கணிதம் பிடிக்குமா? பிந்தி வந்தவனைக் கூம்புகளை அடுக்கவும் பந்துகளைத் துடைக்கவும் விடுங்கள்.

வெறுங்காலோடு ஓடலாமா?
– எட்டாம் ஆண்டு மாணவன், லிந்துலை

புல்லில் ஓடலாம் மகன், கண்ணாடித் துண்டும் கல்லும் இல்லையென்று முதலில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு. தார் ரோட்டிலும் தேயிலை மலைக் குறுக்குப் பாதையிலும் வேண்டாம். ஏற்பு ஊசி போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேள், ஓடி முடித்ததும் கால்விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்றும் பார்.